சாய்கல் வாய் திறந்த புதன்கிழமை

கிர்கிஸ் நாட்டு மலைப்பக்கத்தில், அட்-பாஷிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு சாய்கல் மருமகளாக வந்தபோது அவளுக்கு இருபது வயது. அதற்கப்புறம் ஒன்பது வருடம் அந்த வீட்டில் இருந்துவிட்டாள். அந்த ஒன்பது வருடத்தில் மாமனார் முன்னால் அவள் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. அவர் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. ஊருக்கு அவர் எசென்குல். ஐந்நூறு ஆட்டை ஓட்டிக்கொண்டு கோடைக்கு மலையேறி, பனி விழுமுன் ஒன்று குறையாமல் இறக்கிக்கொண்டு வந்த மனிதர். சாய்கலுக்கு மட்டும் அவர் "பெரியவர்".

மருமகள் மாமனார் பெயரைச் சொல்வது அங்கே கிடையாது. கட்டிய மனைவியே சொல்ல மாட்டாள். மாமியார் சோனுன் நாற்பத்தாறு வருடமாக அவரைக் "கிழவரே" என்றுதான் கூப்பிட்டாள். அவருக்குக் கறுப்பு மீசை முறுக்கிக்கொண்டு நின்ற இருபத்தைந்து வயதிலும் கிழவர்தான். இதையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அந்த வீட்டில் பார்த்தார்கள்.

சாய்கல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி டீச்சர். மூக்குத் துடைப்பது, கையைப் பிடித்து எழுத்துப் போட வைப்பது, அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது. முழு டீச்சர் ஆக ஒரு பட்டம் வேண்டும். தலைமையாசிரியர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: "பட்டம் வந்துச்சுன்னா அடுத்த செப்டம்பர்ல முதல் வகுப்பு உனக்கு. வரலைன்னா மேல இருந்து வேற ஆள அனுப்பிடுவாங்க. அப்புறம் உதவி வேலையும் இருக்காது சாய்கல், என்மேல வருத்தப்படாத." புருஷன் மெலிஸ் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன். அவன் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் தனக்கென்று ஒரு வகுப்பறை வேண்டும் என்று அவள் மனதில் போட்டு வைத்திருந்தாள். வெளியே சொன்னதில்லை.

நான்கு வருடம் படித்தாள். வருடத்துக்கு இரண்டு முறை தலைநகர் பிஷ்கெக்குக்குப் பேருந்தில் போய், பதினைந்து நாள் தங்கி, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வருவாள். வாயே திறக்க வேண்டியதில்லை. ஐந்தாவது வருடம், அதுதான் கடைசி வருடம், கொள்ளைநோய் வந்து கல்லூரிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பாடமெல்லாம் போனுக்குள் வந்தது. புதன்கிழமை தோறும் மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு.

முதல் நாளே ஆசிரியை ரஹாத் ஒஸ்மோனோவ்னா விதியைச் சொன்னாள்.

"எல்லாரும் கேமராவப் போட்டு வைங்க. கறுப்புக் கட்டத்தையெல்லாம் நான் மாணவர்னு ஒத்துக்க மாட்டேன். ஒவ்வொரு வகுப்புலயும் ஒரு தடவையாவது வாயத் திறந்து பேசணும். கூடப் படிக்கிறவங்க சொன்னதுக்கு, அவங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டு பதில் சொல்லணும். எழுதினாலும் பேரோடதான் எழுதணும். மார்க்குல மூணுல ஒரு பங்கு இதுக்குத்தான். மூணு வகுப்பு வாய மூடிக்கிட்டு இருந்தா பரீட்சைக்கே விட மாட்டாங்க. இது நான் போட்ட விதி இல்ல. ஆனா சுவத்துக்குப் பாடம் எடுத்து எனக்கும் அலுத்துப்போச்சு."

அந்தப் பொம்பளை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நாற்பது பேருக்குப் பாடம் நடத்திவிட்டு, கேட்டார்களா தூங்கினார்களா என்று தெரியாமல் ஒருத்தி எத்தனை நாள்தான் பேசுவாள். முன்பெல்லாம் வாயைத் திறந்தால் வெளியே நில் என்றார்கள், இப்போது திறக்காவிட்டால் வெளியே நில் என்கிறார்கள். காலம் எப்படியோ போகட்டும். சாய்கலுக்குச் சிக்கல் வேறு.

செல்போன் கோபுரத்தின் சிக்னல் எட்டுவது அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான். பெரிய அறையின் தெற்கு ஜன்னல். பெரியவர் உட்காருவதும் படுப்பதும் அந்த அறையில்தான். சாய்கல் வைக்கோல் போர் மேல் ஏறிப் பார்த்தாள். சிக்னல் கிடைத்தது, ஆனால் குளிரில் போன் பத்து நிமிடத்தில் செத்துப்போனது. ஆகவே ஜன்னலடியில், பெரியவருக்கு முதுகு காட்டாமல் ஒருக்களித்து உட்கார்ந்து, தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வகுப்பைக் கேட்டாள்.

இரண்டாவது வாரம் ஆசிரியை எல்லோரையும் ஜோடி பிரித்தாள்.

"சாய்கலும் எசென்குலும் ஒரு ஜோடி. டிசம்பர் வரைக்கும் மாத்த முடியாது."

பெரியவர் அப்போது குதிரைச் சேணத்துக்குத் தோல்வார் தைத்துக்கொண்டிருந்தார். தன் பெயர் ஜன்னலடியிலிருந்து வந்ததும் "என்ன?" என்று நிமிர்ந்தார். மருமகள் முகத்தைப் பார்த்தார். அது அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து கிடந்தது. திரும்பத் தலையைக் குனிந்துகொண்டு ஊசியைக் குத்தினார். தோலிலா விரலிலா, எதில் குத்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஜோடிப் பையன் தலாஸ் என்கிற ஊர்க்காரன். இருபத்திரண்டு வயது, தாத்தா பெயரை வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளை, வாய் மட்டும் ஓயாது.

"அக்கா, நான் சொன்னது சரியா தப்பா, நீங்க சொல்லுங்க."

"தம்பி சொன்னது சரிதான்," என்றாள் சாய்கல், உதடு அசைவது தெரியாமல்.

"யாரு சொன்னது?" என்றாள் ஆசிரியை. "இங்க பதினஞ்சு தம்பி இருக்காங்க. பேரச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

"தலாஸ்... தலாஸ் தம்பி."

நகரத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். "எனக்குப் பேரே இல்லையா அக்கா? எங்கம்மா கேட்டா அழுவாங்க."

எழுத்திலும் அப்படியே. "தலாஸிலிருந்து படிக்கும் தம்பிக்கு" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினாள். விஷயம் நன்றாக இருக்கிறது, பெயர் இல்லை, பாதி மதிப்பெண் என்று வந்தது. இதுதான் காரணம் என்று ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். சொல்லியிருந்தால் நாற்பது பேர் முன்னால் மாமனார் வீட்டைக் கடைவிரித்த மாதிரி ஆகியிருக்கும். சிரித்த பிள்ளைகள் இன்னும் சிரித்திருப்பார்கள். அதற்கு அவள் தயாராக இல்லை.

அடுத்த புதன்கிழமை இரண்டு மணி ஆவதற்குள் பெரியவர் எழுந்தார். தோல் கோட்டைப் போட்டார், காது மூடும் மயிர்த்தொப்பியை வைத்தார்.

"எங்க கிளம்பிட்டீரு கிழவரே?" என்றாள் சோனுன்.

"குதிரைய ஒரு எட்டுப் பாத்துட்டு வரேன்."

"காலைலதான பாத்தீரு. அதுக்குள்ள அது என்ன, கல்யாணம் பண்ணிக்கிட்டு ஓடிப்போச்சா?"

கதவைச் சாத்திக்கொண்டு பெரியவர் வெளியே போனார். வகுப்பு முடியும்வரை ஒன்றரை மணி நேரமும் கொட்டகை ஓரத்தில், கவிழ்த்துப்போட்ட சறுக்குவண்டி மேல் உட்கார்ந்திருந்தார். நவம்பர் மாதம். மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற குளிர். சாய்கல் ஜன்னல் வழியாக அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டே வகுப்பில் பேசினாள். அறை காலியாக இருந்ததால் குரல் கொஞ்சம் எழும்பியது. பெயர் மட்டும் எழும்பவில்லை. ஆள் வெளியே இருந்தாலும் அவருடைய படுக்கை உள்ளே இருந்ததே.

மூன்று புதன்கிழமை அவர் அப்படிப் போனார். ஏன் போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை, உனக்காகத்தான் என்று அவர் சொல்லவில்லை. மூன்றாவது முறை திரும்பி வந்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. இருமல் மார்பின் அடியிலிருந்து வந்தது. சாய்கல் தேநீரை ஊற்றி நீட்டினாள். அவர் இருமியதில் கிண்ணம் பாதி சிந்தியது.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை அவர் தொப்பியை எடுக்குமுன் மாமியாரிடம், அவர் காதில் விழும்படி சொன்னாள்.

"அத்தை, இனிமே வகுப்புல பேச்சு எதுவும் இல்லையாம். சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாப் போதுமாம்."

பெரியவர் தொப்பியை ஆணியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஆசிரியைக்கு சாய்கல் எழுதிப் போட்டாள்: மைக் கெட்டுவிட்டது. ஒரு பொய் வீட்டுக்குள், ஒரு பொய் வெளியே. இரண்டு வாரம் அப்படி ஓடியது. தலாஸ் பையன் தனியாகப் பேசித் திணறினான். "அக்கா, தலையையாவது ஆட்டுங்க" என்றான். அவள் ஆட்டினாள். தலையாட்டலுக்கு மதிப்பெண் கிடையாது.

டிசம்பர் முதல் வாரம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வகுப்பில் பேசவில்லை, இன்னும் ஒன்று என்றால் பரீட்சை கிடையாது. வரும் புதன்கிழமை கடைசி வகுப்பு. மற்றவர்கள் வாரத்துக்குச் சிலராக முடித்துவிட்டார்கள், இது சாய்கலின் முறை: பத்து நிமிடம் பாடம் நடத்தி, ஜோடியைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்டு, பதில் வாங்க வேண்டும். பெயரை விட்டால் பாதி மதிப்பெண் என்கிற கணக்கு அன்றைக்குச் செல்லாது.

அதற்குள் பெரியவர் படுக்கையில் விழுந்துவிட்டார். சாதாரணச் சளிதான் என்றார்கள், பிறகு மார்பு என்றார்கள். வந்து பார்த்த நர்சம்மா, மாவட்ட ஆஸ்பத்திரியில் நடக்கிற வழியில்கூட ஆள் படுத்திருக்கிறது, வீட்டிலேயே வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஊசியைப் போட்டுவிட்டுப் போனாள். வந்தது கொட்டகைக் குளிரா ஊரைச் சுற்றிய நோயா, கடவுளுக்குத்தான் தெரியும். ஊர் வாய் சாய்கலைத்தான் காட்டியது. சோனுன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாமியாரும் மருமகளும் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு நான் வகுப்புல சேரல அத்தை."

"ஏன்?"

"பெரியவர எழுப்பி வெளிய அனுப்ப முடியுமா? அவர வச்சுக்கிட்டுப் பேசத்தான் முடியுமா?"

"பேசாட்டி?"

"பரீட்சை கிடையாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் உனக்காகப் பாய விரிச்சு வச்சிருக்குமா?" சோனுன் மாவை ஓங்கிக் குத்தினாள். "அப்படி என்னதான் பேசச் சொல்றாங்க?"

சாய்கல் விரலில் ஒட்டிய மாவை உருட்டி எடுத்தாள். பிறகு சொன்னாள். "ஒரு பையன் இருக்கான். அவனப் பேரச் சொல்லிக் கூப்பிடணும். அவன் பேரு... நம்ம பெரியவரோட பேரு."

சோனுனின் கை நின்றது.

"வேற பேரே கிடைக்கலையா அவங்களுக்கு?"

"அவன் தாத்தா பேராம்."

"வாயில வரக்கூடாதது வரக்கூடாதுதான் மருமகளே. என்கிட்ட உத்தரவு கேக்காத. நான் குடுக்க மாட்டேன்."

"நான் கேக்கல அத்தை."

பெரிய அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பளித் திரைதான். பேசியது உள்ளே கேட்டிருக்கும்.

புதன்கிழமை ஒன்றரை மணிக்குப் பெரியவர் இருமிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். மருமகள் ஜன்னலடியில் அவருடைய மருந்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இல்லாத மாதிரி மனைவியிடம்தான் பேசினார்.

"அவகிட்ட சொல்லு. நான் இப்பத் தூங்கப் போறேன். ரெண்டு மணிக்கு மேல இடி விழுந்தாலும் எனக்குக் காது கேக்காது."

"பகல்ல தூங்கி உமக்குப் பழக்கமே இல்லையே."

"இன்னைக்குப் பழகிக்கிறேன். சொல்லு அவகிட்ட."

"அவதான் முன்னாடி நிக்கிறாளே."

"நீ சொல்லு."

சோனுன் மருமகள் பக்கம் திரும்பினாள். "அவரு தூங்கப் போறாராம்," என்றாள். சொல்லிவிட்டுக் கரி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். வெளியே போக முடியாத மனிதர், போர்வைக்குள் போனார்.

சாய்கல் நெடுநேரம் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தாள்.

அவள் நடத்த எடுத்துக்கொண்ட பாடம், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையைப் பற்றி. அவளிடம் உண்மையாகவே அப்படி ஒரு பெண்பிள்ளை இருந்தது. மூன்று மாதம் பேசாமல் இருந்தது. முட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். சாய்கல் அதைப் பேசு பேசு என்று நச்சரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, மற்ற பிள்ளைகளின் பென்சிலைச் சீவித் தரச் சொன்னாள். பென்சில் வாங்க வந்த பிள்ளைகளிடம் ஒரு நாள் அது பேசிவிட்டது. இதைத்தான் சொன்னாள். முதலில் குரல் தட்டியது, பிறகு தட்டவில்லை. சிரிக்கிற பிள்ளைகள் சிரிக்காமல் கேட்டார்கள்.

"நல்லது," என்றாள் ஆசிரியை. "இப்ப உங்க ஜோடிகிட்டக் கேள்வி கேளுங்க. பேரச் சொல்லி."

அடுப்பில் கரி வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சாய்கல் போர்வையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடினாள்.

"எசென்குல்," என்றாள்.

"இதோ இருக்கேன் அக்கா," என்றது போன்.

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்றது போர்வை.

வேண்டுமென்று சொன்னதல்ல அது. பொய்யாகத் தூங்கப் போன மனிதர் காய்ச்சல் அசதியில் நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தார். அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள் அவரைப் பெற்றவள் ஒருத்திதான். அவள் போய் முப்பது வருடம் ஆகிறது. தூக்கத்தில் ஒரு பெண் குரல் கூப்பிட்டதும் எழுந்து போகிறவர் போலக் காலைக் கீழே போட்டார்.

சாய்கல் ஓடிப்போய்த் தாங்கினாள். போன் ஜன்னலில் கிடந்து எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தது.

"அங்க யாரு?" என்றாள் ஆசிரியை.

"எங்க மாமனாரு," என்றாள் சாய்கல். "அவருக்கும் அதே பேருதான். நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. அதனாலதான் தம்பி தம்பின்னு... மைக் கெடவும் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

ரஹாத் ஒஸ்மோனோவ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளும் கிர்கிஸ் வீட்டுப் பெண்தான். அவள் அம்மா தன் மாமனாரை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று நினைத்துப் பார்த்தாளோ என்னவோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

தலாஸ் பையன்தான் முதலில் பேசினான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "தாத்தா, சலாம். நாம ரெண்டு பேரும் ஒரே பேருக்காரங்க."

பெரியவர் சாய்கல் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முழுத் தெளிவும் வந்துவிட்டது. போனை உற்றுப் பார்த்தார்.

"யார் வீட்டுப் புள்ள நீ? எந்தக் குலம்? ஏழு தலைமுறை முன்னோர் பேரு தெரியுமா உனக்கு?"

"அஞ்சு தெரியும் தாத்தா."

"அஞ்சா. பேர மட்டும் முழுசா வச்சுட்டானுங்க." மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அவ கேக்குற கேள்விக்கு ஒழுங்காப் பதில் சொல்லு. எம் பேரக் கெடுத்துடாத."

அவன் பதில் சொன்னான். சாய்கல் பெரியவருக்குத் தோளைக் கொடுத்துத் தாங்கியபடியே மீதிக் கேள்விகளைக் கேட்டாள். பெயரைத் திரும்பச் சொல்லவில்லை. ஆசிரியையும் கேட்கவில்லை. ஒரு தடவைதான் விதி.

கதவருகில் சோனுன் கரி வாளியோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. வாளியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான்கு நாள் மருமகளோடு பேசவில்லை. தேநீர்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள், பேசவில்லை.

புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெரியவர் இறந்துபோனார். முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடினார்கள். அதிலும் பெயர் வராது. மலையே, நிழலே, எங்கள் வாசல் தூணே என்றுதான் வரும். மெலிஸ் வர எல்லை திறக்கவில்லை. போனில் கேட்டு அழுதான். ஜனவரி நடுவில் சாய்கல் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, அதே ஜன்னலடியில், காலியான படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். தேறிவிட்டாள். பெரிய மதிப்பெண் இல்லை, போதுமானது. செப்டம்பரில் முதல் வகுப்பு அவளுக்கு என்று தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து சொன்னார்.

நாற்பதாம் நாள் சடங்குக்கு முந்தின காலை, மாமியாரும் மருமகளும் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து ரொட்டித் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். சோனுன் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு நீ கூப்பிட்டப்போ, அவரு மொகம் எப்படி இருந்துச்சு?"

"தெரியல அத்தை. போர்வைக்குள்ள இருந்தாரு. குரல்தான் கேட்டுச்சு."

"கதவுகிட்ட எனக்கும் கேட்டுச்சு." கரண்டியால் ஒரு துண்டைப் புரட்டினாள். "அவ்வளவு வேகமா எனக்கு அவரு ஒருநாளும் பதில் சொன்னதில்ல. கிழவரே கிழவரேன்னு நாலு தடவை கத்தினாத்தான் திரும்புவாரு."

சாய்கல் அடுத்த துண்டை எண்ணெயில் போட்டாள்.

"நீ சொன்னது தப்புதான்," என்றாள் சோனுன். "அதுல மாத்திப் பேச மாட்டேன். தப்பு தப்புதான்."

"சரி அத்தை."

கிழவியின் உதடு ஒரு முறை அசைந்தது. ஏதோ வரப்போகிறது என்று சாய்கல் கையை நிறுத்தி நிமிர்ந்தாள். வரவில்லை. நாற்பத்தாறு வருடம் பூட்டிக் கிடந்த வாய், திறக்கும் என்று எதிர்பார்த்தது அவள் பிழை.

"கருகுது பாரு," என்றாள் சோனுன். "எடு, எடு."

சாய்கல் துண்டுகளை அரித்து எடுத்துத் தட்டில் போட்டாள்.